ஊசி போடும் கையில் நோய் இருந்தால்?

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் மாதர் சங்கக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அன்று பேச எடுத்துக்கொண்ட விடயம் போசாக்கு. கீரை, பருப்பு, முட்டை என்று நாம் சொல்லிக்கொண்டு போகையில் பின்வரிசையிலிருந்த ஒரு தாய் எழுந்து நின்றார். "சிஸ்டர், அரபுக்குப் போறதுன்னா எங்க இரத்தத்தச் சோதிச்சுத்தான் அனுப்புறாங்க. எங்களுக்கும் எங்க புள்ளைங்களுக்கும் ஊசி போடுறவங்க இரத்தத்த மட்டும் ஏன் யாருமே சோதிக்கிறதில்ல?"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. காரணம் பிறகுதான் எமக்குத் தெரிய வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் வேலை செய்யும் ஒருவர் சில மாதங்களாக மெலிந்து போயிருக்கின்றார். அவருக்கு 'அந்த வியாதி' என்று லயத்துக்கு லயம் பேச்சு. கைக்குழந்தையோடு டிஸ்பென்சரிக்குப் போக வேண்டியவர்கள் சந்தியிலே கடைக்குப் பின்னால் ஊசி போடுகின்ற ஆளிடம் போகத் தொடங்கியிருந்தார்கள். அவரிடம் பட்டமும் இல்லை, பதிவும் இல்லை. ஆனால் அவர் மெலிந்திருக்கவில்லை.

அன்று அந்தத் தாய்க்கு நாம் சரியான பதில் சொல்லவில்லை. "அப்படியெல்லாம் பயப்படத் தேவையில்லை" என்று சமாளித்துவிட்டு வந்தோம். அது பதிலல்ல. நோயாளிக்குத் தன்னைத் தொடுகின்ற கையைப் பற்றிக் கேட்க உரிமை உண்டு. ஆகவே இக்கேள்வியை எடுத்துக்கொண்டு, வைத்தியர்களிடமும் தாதியர்களிடமும் கேட்டும், வெளிநாடுகளில் நடந்தவற்றைப் படித்தும் நாம் அறிந்துகொண்டதை இங்கு தருகின்றோம்.

மூன்று கிருமிகள்

இரத்தத்தின் வழியாகப் பரவும் நோய்களில் வைத்தியசாலைகளைப் பொறுத்தவரை முக்கியமானவை மூன்று: ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. முதல் இரண்டும் ஈரலைத் தாக்குபவை. செங்கண்மாரி என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி இவற்றால் வருவது. (தண்ணீர், உணவு வழியாக வரும் செங்கண்மாரி வேறு. அதைப் பற்றி இங்கு பேசவில்லை.) மூன்றாவது எயிட்ஸ் நோய்க்குக் காரணமான கிருமி. எமது மக்கள் மூன்றாவதற்கு மட்டுமே அஞ்சுகின்றார்கள். ஆனால் பரவும் வேகத்தில் அது கடைசி.

நோயாளியின் இரத்தம் பட்ட ஊசி ஒரு தாதியின் விரலில் குத்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த நோயாளிக்கு எச்.ஐ.வி. இருந்தால், இப்படிக் குத்துப்பட்ட 1,000 பேரில் ஏறக்குறைய 3 பேருக்குத் தொற்றும். ஹெபடைடிஸ் சி என்றால் 100 பேரில் ஏறக்குறைய 2 பேருக்கு. ஹெபடைடிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவர்களில் 100க்கு 6 முதல் 30 பேர் வரை. உறைந்து காய்ந்த இரத்தத்தில்கூட ஹெபடைடிஸ் பி கிருமி ஒரு வாரம் உயிரோடு இருக்கக்கூடியது.

இந்தக் கணக்கு நோயாளியிடமிருந்து ஊழியருக்குப் போகின்ற வழிக்கானது. மறுவழி இன்னும் கடினமானது. ஊழியரின் இரத்தம் நோயாளிக்குள் போக வேண்டுமென்றால் முதலில் ஊழியருக்குக் காயம் பட வேண்டும். பிறகு அந்த இரத்தமோ அந்தக் கருவியோ நோயாளியின் திறந்த உடலுக்குள் போக வேண்டும். கையிலே ஊசி போடும்போது, மருந்து கட்டும்போது, இரத்த அழுத்தம் பார்க்கும்போது, பிள்ளையின் நிறை பார்க்கும்போது அப்படி நடக்க இடமில்லை. மூச்சிலும், தொடுகையிலும், ஒரே கோப்பையில் தேநீர் குடிப்பதிலும் இவை பரவுவதில்லை.

புளோரிடாவில் நடந்தது

அப்படியானால் ஊழியரிடமிருந்து நோயாளிக்குத் தொற்றியதே இல்லையா? தொற்றியிருக்கின்றது. உலகத்தையே உலுக்கிய சம்பவம் அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் நடந்தது. டேவிட் ஏசர் என்ற பல் வைத்தியருக்கு எச்.ஐ.வி. இருந்தது. 1987ஆம் ஆண்டு டிசம்பரில் அவரிடம் பல் பிடுங்கிக்கொண்ட இளம் பெண் கிம்பர்லி பேர்கலிஸ். அப்பெண்ணுக்கு வேறெந்த வழியிலும் தொற்று வர இடமிருந்ததாகத் தெரியவில்லை. 1990 ஜூலையில் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் இதனை வெளியிட்டது. பின்னர் அதே வைத்தியரின் நோயாளிகளில் மொத்தம் ஆறு பேருக்கு அவருடையதை ஒத்த கிருமியே இருப்பது கண்டறியப்பட்டது. எவ்வாறு தொற்றியது என்பது இன்றுவரை தீர்க்கப்படாத புதிர். வைத்தியர் 1990இலும், அந்தப் பெண் 1991 டிசம்பரில் 23 வயதிலும் இறந்தார்கள். சாவதற்குச் சில வாரங்களுக்கு முன் அவர், நடக்கவும் இயலாத நிலையில், அமெரிக்கக் காங்கிரசின் முன் வந்து சாட்சி சொன்னார். எல்லா வைத்திய ஊழியர்களையும் கட்டாயமாகச் சோதிக்க வேண்டும் என்பதே அவர் கோரிக்கை.

மக்கள் கொதித்துப் போனார்கள். தமக்கு எச்.ஐ.வி. இருப்பதை அறிந்தும் நோயாளியிடம் சொல்லாமல் சிகிச்சை செய்யும் ஊழியருக்குப் பத்தாண்டுச் சிறை என்ற பிரேரணை 1991 ஜூலையில் செனற் சபையில் 81க்கு 18 என்ற வாக்குகளால் நிறைவேறியது. அது இறுதியில் சட்டமாகவில்லை. அதற்குப் பதிலாக, ஆபத்து அதிகமுள்ள சிகிச்சைகளைச் செய்பவர்கள் தமது நிலையை அறிந்திருக்க வேண்டும், தொற்றுள்ளவர் எதைச் செய்யலாம் என்பதை நிபுணர் குழுவொன்று தீர்மானிக்க வேண்டும் என்ற விதிமுறை வந்தது.

இதற்கிடையில் இன்னொரு வேலையும் நடந்தது. எச்.ஐ.வி. தொற்றிய வேறு வைத்தியர்களும் பல் வைத்தியர்களும் சிகிச்சை செய்த பழைய நோயாளிகளைத் தேடிப்பிடித்துச் சோதித்தார்கள். 1995 வரையில் 22,000க்கு மேற்பட்டவர்களின் முடிவுகள் சேர்ந்தன. புளோரிடாப் பல் வைத்தியரின் நோயாளிகளைத் தவிர, வைத்தியரிடமிருந்து தொற்றியதாகக் காட்டக்கூடிய ஒருவர்கூட அவர்களில் இல்லை. அதன் பின் பிரான்சில் ஓர் எலும்புச் சத்திர சிகிச்சை நிபுணரிடமிருந்து ஒரு நோயாளிக்குத் தொற்றியது 1997இல் உறுதிப்பட்டது. இப்படி விரல்விட்டு எண்ணக்கூடிய சம்பவங்களே உலகில் பதிவாகியுள்ளன.

ஹெபடைடிஸ் பி கதை வேறு. அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் இருதய, நெஞ்சுச் சத்திர சிகிச்சை பயின்றுகொண்டிருந்த ஒரு வைத்தியரிடமிருந்து 19 நோயாளிகளுக்கு அது தொற்றியது. அவர் கையுறை அணிந்தார். விதிகளை மீறியதாகத் தெரியவில்லை. தையல் நூலை நெடுநேரம் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்ததில் விரல்களில் ஏற்பட்ட கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் வழியாகக் கிருமி வெளியேறியிருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். ஆகவே, 'பயமே வேண்டாம்' என்று நாம் கூட்டத்தில் சொன்னது முழு உண்மையல்ல.

எந்த வேலை ஆபத்தானது?

இவற்றிலிருந்து வைத்திய உலகம் கண்டுகொண்ட பாகுபாடு ஒன்றுண்டு. அதை விளங்கிக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். ஊழியரின் கை, நோயாளியின் உடம்புக்குள், கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில், கூரான கருவியோடோ உடைந்த எலும்பு முனையோடோ இருக்கின்ற வேளைதான் ஆபத்தான வேளை. வயிற்றைத் திறந்து செய்யும் சத்திர சிகிச்சை, நெஞ்சுச் சத்திர சிகிச்சை, எலும்பு முறிவுச் சத்திர சிகிச்சை, சிசேரியன், சில வகைப் பல் சத்திர சிகிச்சைகள் இதில் அடங்கும். பிரித்தானியாவில் மருத்துவிச்சிகளுக்கு வகுத்த விதிகள் எமக்கு மிகவும் பொருத்தமானவை. சாதாரணப் பிரசவம் பார்ப்பதை அவை இந்த வகையில் சேர்க்கவில்லை. பிரசவத்தின்போது ஏற்பட்ட கிழிசலைத் தைப்பதை மட்டும் சேர்த்தன.

எமது தோட்ட டிஸ்பென்சரிக்குள் இப்போது எட்டிப் பாருங்கள். மாத்திரை கொடுப்பது, காயத்துக்கு மருந்து கட்டுவது, ஊசி போடுவது, சீனி வியாதிக்கும் பிரஷருக்கும் கிளினிக் அட்டையைப் பார்ப்பது. மேற்சொன்ன பட்டியலில் உள்ள ஒன்றேனும் அங்கு நடக்கின்றதா? அந்த வேலைகளெல்லாம் பதுளைப் பெரியாஸ்பத்திரியிலும் அதுபோன்ற பெரிய வைத்தியசாலைகளிலும் சத்திர சிகிச்சைக் கூடங்களில் நடப்பவை. மெலிந்துபோன அந்த டிஸ்பென்சரி ஊழியருக்கு உண்மையிலேயே தொற்று இருந்தாலும் (இருக்கின்றதென்று நாம் சொல்லவில்லை, அது எமக்குத் தெரிய வேண்டியதுமில்லை) மேற்சொன்ன விதிகள் எவையும் அவரை அந்த மேசையிலிருந்து எழுப்பமாட்டா.

ஆபத்தான வேலை செய்பவர்களுக்கான விதிகளும் காலத்தோடு மாறியுள்ளன. ஹெபடைடிஸ் பி தொற்றிய சத்திர சிகிச்சை நிபுணர் இரத்தத்தில் கிருமியின் அளவு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இருக்கும்வரை தம் தொழிலைச் செய்யலாம். ஒவ்வொரு நோயாளியிடமும் முன்கூட்டியே சொல்ல வேண்டிய கட்டாயமில்லை என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2012இல் அறிவித்தது. எச்.ஐ.வி. உள்ளவர்கள் சத்திர சிகிச்சை செய்யக்கூடாது என்று நெடுங்காலம் தடுத்து வைத்திருந்த பிரித்தானியா, 2014 தொடக்கம் அந்தத் தடையை நீக்கியது. அப்போது நிபந்தனைகள் விதிக்கப்பட்டன: ஒழுங்காக மருந்து எடுக்க வேண்டும், கிருமி மிகக் குறைந்த அளவில் இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்கொரு முறை இரத்தம் சோதிக்க வேண்டும். இதற்குக் காரணம் இரக்கமல்ல, மருந்து. இன்றைய எச்.ஐ.வி. மருந்துகளை ஒழுங்காக எடுப்பவரின் இரத்தத்தில் கிருமியைக் கண்டுபிடிப்பதே கடினமாகிவிடுகின்றது. ஹெபடைடிஸ் சி சில வாரங்கள் மாத்திரை எடுத்தால் பெரும்பாலோருக்கு முற்றாகவே குணமாகின்றது. ஹெபடைடிஸ் பிக்குத் தடுப்பூசியும் உண்டு, அடக்கி வைக்கும் மருந்தும் உண்டு. 1991இல் சாட்சி சொன்ன அந்தப் பெண்ணின் காலத்தில் இவற்றில் பெரும்பாலானவை இல்லை.

இந்தியாவில் 2017இல் நிறைவேறி 2018 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டமும் இதே போக்கில் உள்ளது. தொற்றைக் காரணங்காட்டி வேலையிலிருந்து நீக்கக்கூடாது. உண்மையான ஆபத்து உண்டென்று சொல்வதானால் சுயாதீனமான வைத்திய நிபுணர் எழுத்தில் தர வேண்டும். அதே சட்டம், இரத்தத்தோடு புழங்கும் இடங்களை நடத்துபவர்கள் கையுறை முதலிய பாதுகாப்பையும், பயிற்சியையும், குத்துப்பட்டவருக்கு மருந்தையும் கொடுத்தே ஆக வேண்டும் என்கின்றது. கடமையைத் தொழிலாளியின் தலையில் மட்டும் சுமத்தாமல் முதலாளியின் தலையிலும் வைத்ததற்காக இந்தச் சட்டத்தை நாம் மெச்சுகின்றோம்.

அப்படியானால் எல்லோரையும் சோதித்தால் என்ன?

அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். அரபு நாட்டுக்குப் போக எடுக்கும் இரத்தச் சோதனை யாரைப் பாதுகாக்கின்றது? தொற்று இருந்தால் அனுப்பமாட்டார்கள். அங்கு போன பிறகு தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சோதிக்கப்பட்டவளுக்கு வைத்தியமோ ஆறுதலோ அதில் கிடையாது. அப்படியொரு சோதனையை எமது ஆஸ்பத்திரிகளுக்கும் கொண்டுவர வேண்டுமா என்று முதலில் யோசிக்க வேண்டும்.

சோதனை என்பது ஒரு நாளைய புகைப்படம். கிருமி உடம்பில் நுழைந்து சில வாரங்கள் வரை, சில சோதனைகளில் மூன்று மாதங்கள் வரை, முடிவு 'இல்லை' என்றே காட்டும். தை மாதம் சோதித்து 'இல்லை' என்ற கடிதத்தைச் சுவரில் மாட்டியவருக்கு மாசி மாதம் ஊசி குத்திவிடலாம். கடிதம் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். அதை நம்பிக் கையுறை போடாமல் விட்டால் ஆபத்து கூடுமேயன்றிக் குறையாது.

இதைவிடப் பெரிய சங்கடம், பயந்த மனிதர் ஒளிந்துகொள்வார் என்பது. தொற்று உண்டென்றால் வேலை போகும், காம்பிராவும் போகும், பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு சேர்க்கமாட்டார்கள் என்றிருந்தால் எந்த ஊழியர் தாமாகப் போய்ச் சோதித்துக்கொள்வார்? ஊசி குத்தியதையே மறைப்பார். எச்.ஐ.வி. உள்ளவரின் ஊசி குத்திவிட்டால் 72 மணித்தியாலத்துக்குள், எவ்வளவு விரைவாகவோ அவ்வளவு நல்லது, மருந்தைத் தொடங்கி 28 நாட்கள் எடுத்தால் தொற்றைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். மறைப்பவருக்கு அந்த 72 மணித்தியாலம் வீணாகிவிடும்.

நாம் வீணாக இப்படிப் பயமுறுத்தவில்லை. குளியாப்பிட்டியில் 2016ஆம் ஆண்டு ஒரு சிறுவனின் தந்தை இறந்தது எயிட்ஸினால் என்று எழுந்த கதையை நம்பிப் பெற்றோர்கள் தம் பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து மறித்தார்கள். பையனுக்குத் தொற்று இல்லை என்று வைத்தியச் சோதனை காட்டியும் ஊர் கேட்கவில்லை. விடயம் உயர் நீதிமன்றம் வரை போனது. தொற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிள்ளைக்குக் கல்வியுரிமை உண்டு என்பது அங்குதான் நிலைநாட்டப்பட்டது. கடைசியில் கண்டியிலுள்ள ஒரு கல்லூரி அவனைச் சேர்த்துக்கொண்டது. ஆறு வயதுப் பிள்ளைக்கே இந்த நிலைமை என்றால், கையில் ஊசியோடு நிற்கும் ஊழியரின் நிலைமையைச் சொல்லத் தேவையில்லை.

தமிழ்நாட்டில் விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூரில் நடந்ததையும் மறக்க முடியாது. 2018 டிசம்பரில் அங்கு அரச வைத்தியசாலையில் ஒரு கர்ப்பிணித் தாய்க்கு எச்.ஐ.வி. தொற்றிய இரத்தம் ஏற்றப்பட்டது. இரத்தம் கொடுத்தவர் 19 வயது இளைஞர். 2016இலும் அவர் இரத்தம் கொடுத்திருந்தார். தொற்று அப்போதே பதிவாகியிருந்தும் அச்செய்தி அவரை உரிய முறையில் போய்ச் சேரவில்லை. வெளிநாட்டு வேலைக்காகச் சோதித்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. தெரிந்தவுடன் தன் இரத்தத்தை யாருக்கும் ஏற்ற வேண்டாமென்று இரத்த வங்கிக்குத் தானே போய்ச் சொன்னார். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. பெயர் ஊரெல்லாம் பரவியது. மாதம் முடிவதற்குள் அவர் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். அந்தத் தாய்க்குப் பிறந்த குழந்தை தொற்றில்லாமல் பிறந்தது என்பது ஒன்றே ஆறுதல். தவறு செய்தது சோதிக்க வேண்டிய இடம். உண்மையைச் சொன்னவர் அந்த இளைஞர். எமது ஆத்திரம் எப்போதும் உண்மை சொன்னவர் மேலேயே பாய்வது ஏன் என்று தெரியவில்லை.

மொலக்காய்த் தீவிலே தொழுநோயாளரைப் பராமரித்த தமியான் அடிகளாரை எமது வாசகர்கள் அறிவார்கள். அந்த நோய் அவருக்கே தொற்றி 1889இல் அவர் இறந்தார். 2009இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அவரது படத்தைக் கோயிலில் வைத்து வணங்குகின்ற நாம், நோயாளியைத் தொட்டதால் நோய் வாங்கிக்கொண்ட ஊழியர் எங்கள் தோட்டத்தில் இருந்தால் அவரை என்ன செய்வோம் என்பதைக் கேட்டுப் பார்க்கலாம்.

சந்தியிலே இருக்கும் ஊசி

இனிச் சொல்லப்போவதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

பாகிஸ்தானில் சிந்து மாகாணத்தில் ரத்தோடேரோ என்றொரு சிறு பட்டணம். 2019 ஏப்ரலில் அங்கு காய்ச்சல் ஆறாத பிள்ளைகளைச் சோதித்தபோது ஒருவர் பின் ஒருவராக எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. ஆண்டு முடிவதற்குள் 800க்கு மேற்பட்டோர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிறு பிள்ளைகள். பல பிள்ளைகளுக்கு வைத்தியம் செய்தவர் ஒரே வைத்தியர். அவரைச் சோதித்தார்கள். அவருக்கும் எச்.ஐ.வி. இருந்தது. உடனே பொலிசார் பிடித்து, வேண்டுமென்றே பிள்ளைகளுக்குத் தொற்ற வைத்தார் என்று குற்றஞ்சாட்டினார்கள். ஊரும் பத்திரிகைகளும் அதையே நம்பின. ஆனால் விசாரணைக் குழு வேண்டுமென்று செய்ததற்குச் சான்று காணவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் குழு போய்ப் பார்த்தபோது வெளிவந்தது வேறு. பாவித்த சிரிஞ்சையும் சேலைன் குழாயையும் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் பாவிப்பது அந்தப் பகுதியில் ஒருவரது பழக்கமாக மட்டும் இருக்கவில்லை. பதிவில்லாத வைத்தியர்கள் ஏராளம். பிள்ளைக்குப் பிள்ளை கிருமியைக் கொண்டுபோனது வைத்தியரின் இரத்தமல்ல, மாற்றாத ஊசி.

கம்போடியாவில் ரோக்கா என்ற கிராமத்தில் 2014 டிசம்பரில் வெளிப்பட்டதும் இதுவே. 200க்கு மேற்பட்டோருக்குத் தொற்று. ஊசி போட்டவர் அனுமதிப்பத்திரம் இல்லாதவர்; காசில்லாதவர்களுக்கும் வைத்தியம் பார்ப்பவர் என்று ஊரில் நல்ல பெயர். மறு ஆண்டு நீதிமன்றம் அவருக்கு 25 ஆண்டுச் சிறை விதித்தது. பாதுகாப்பற்ற ஊசிகளால் 2000ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதிலும் 2 கோடி 10 இலட்சம் ஹெபடைடிஸ் பி தொற்றுகளும், 20 இலட்சம் ஹெபடைடிஸ் சி தொற்றுகளும், 2 இலட்சத்து 60 ஆயிரம் எச்.ஐ.வி. தொற்றுகளும் ஏற்பட்டதாக மதிப்பிடப்பட்டது. ஊழியரிடமிருந்து நோயாளிக்கு எச்.ஐ.வி. தொற்றியதாகப் பதிவான சம்பவங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஊசியால் வந்தவற்றைக் கோடியில் எண்ண வேண்டியிருக்கின்றது. பாவித்த ஊசியை மீண்டும் பாவிப்பது அதன் பின் உலகெங்கும் வெகுவாகக் குறைந்துள்ளது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எமது முதியவர்களுக்குக் கண்ணாடிச் சிரிஞ்சு ஞாபகமிருக்கும். அடுப்பில் கொதிக்கும் தகரப் பெட்டியிலிருந்து இடுக்கியால் எடுத்து, ஆறவிட்டு, வரிசையில் நின்ற எல்லோருக்கும் போடுவார்கள். கொதித்த நேரம் போதுமா என்று கேட்பார் இல்லை. இப்போது அரச தடுப்பூசிக் கிளினிக்கில் பிள்ளைக்குப் போடுகின்ற சிரிஞ்சு ஒரு முறை அழுத்தியதும் பூட்டிக்கொள்ளும் வகை. இரண்டாம் முறை பாவிக்க நினைத்தாலும் முடியாது. ஆனால் சந்தியில் கடைக்குப் பின்னால் ஊசி போடும் ஆளிடம் அந்த வகை இருக்குமா? இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் புதிதாகப் பிரிப்பாரா? கூட்டத்தில் இதைக் கேட்டபோது, "அவர் டக்குன்னு ஊசி போட்டு அனுப்பிருவாரு, காய்ச்சல் நின்னுரும்" என்றார்கள். மாத்திரையை நம்பாமல் ஊசியை மட்டுமே மருந்தென்று நம்புவது எமது மக்களிடம் உள்ள பெரிய பலவீனம். பெரும்பாலான காய்ச்சலுக்கு ஊசி தேவையே இல்லை.

மெலிந்தவரின் மேசையை விட்டு அந்தத் தாய்மார் ஓடியது ஆபத்திலிருந்து அல்ல, ஆபத்துக்குள்.

தோட்டத்தில் செய்ய வேண்டியவை

தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்குத் தோட்ட நிர்வாகம் பொறுப்பு என்ற எண்ணம் புதிதல்ல. 1872இலேயே அதற்கென்று கட்டளைச் சட்டம் வந்தது. 1912இல் திருத்தி எழுதப்பட்டது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் கைக்குப் போயின. சில தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்றுக்கொண்டது. மற்றவை தோட்ட வைத்திய உதவியாளர் ஒருவரோடும் இரண்டொரு சிற்றூழியரோடும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மடுல்சீமை, நமுனுகுல, கொஸ்லந்தை போன்ற இடங்களில் மழை பெய்து பாதை அடைபட்டால் அந்த ஒருவரைத் தவிர வேறு வழியில்லை. அவரை வதந்தியால் இழப்பது நோயால் இழப்பதைவிட எளிது.

முதலில் கேட்க வேண்டியது ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. எமது நாட்டில் குழந்தைகளுக்கு இது 2003 தொடக்கம் போடப்படுகின்றது. அதற்கு முன் பிறந்த ஊழியர்களுக்குச் சிறுவயதில் கிடைத்திருக்க வாய்ப்பில்லை. முதல் ஊசி, ஒரு மாதத்தின் பின் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. இந்த மூன்றும் போட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் பாதுகாப்புப் பெறுகின்றார்கள். பாதுகாக்கப்பட்ட ஊழியர் நோயையும் வாங்கமாட்டார், கொடுக்கவும்மாட்டார். நோயாளியைப் பாதுகாக்கும் விதிகளில் இதைவிட மலிவானது வேறில்லை. வைத்திய உதவியாளருக்கும் மருத்துவிச்சிக்கும் மட்டுமல்ல, டிஸ்பென்சரியைக் கூட்டித் துடைக்கும் பெண்ணுக்கும் இது கிடைக்க வேண்டும். குப்பைக் கூடையில் எறியப்பட்ட ஊசி முதலில் குத்துவது அவர் கையில்தான். அவருக்குக் கையுறை கொடுத்த தோட்டங்களும் உண்டு. கொழுந்து மலையில் பாவித்த பழைய சாக்குத் துண்டைக் கொடுத்த தோட்டமொன்றையும் பார்த்திருக்கின்றோம்.

அடுத்தது ஊசிப் பெட்டி. பாவித்த ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடக்கூடாது. அப்படிப் போடும்போதுதான் அதிகம் குத்துகின்றது. குத்த முடியாத தடித்த பெட்டியில் அப்படியே போட்டு, நிறைந்ததும் மூடி அனுப்ப வேண்டும். லயத்துக்குப் பின்னாலுள்ள குழியில் கொட்டினால் பிள்ளைகள் எடுத்து விளையாடுவார்கள்.

நோயாளியாகப் போகின்ற நீங்கள் கேட்கக்கூடியதும் உண்டு. "ஐயா, புதுசு பிரிச்சுப் போடுங்க" என்று சொல்வது அவமரியாதையல்ல. உறை உங்கள் கண்முன்னே பிரிக்கப்பட வேண்டும். ஒருவருக்குக் காயம் கட்டிய கையுறையை மாற்றாமல் உங்கள் காயத்தைத் தொட்டால் தயங்காமல் கேளுங்கள். ஊசி தேவைதானா, மாத்திரை போதாதா என்றும் கேளுங்கள். கோயில் திருவிழாவில் காது குத்துபவரிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம். அங்கு நாம் ஒருபோதும் கேட்பதில்லை.

தமக்குத் தொற்று இருக்குமோ என்று ஐயப்படுகின்ற ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. பதுளையில் அரச பாலியல் நோய் சிகிச்சை நிலையம் இருக்கின்றது. அங்கு எச்.ஐ.வி. சோதனையும் மருந்தும் இலவசம். விபரம் வெளியே போகாது. தோட்டத்துக்கு அறிவிப்பு அனுப்பமாட்டார்கள். தொற்று உறுதியானால் உங்கள் வேலையில் எதைச் செய்யலாம், எதைத் தவிர்க்கலாம் என்பதை அங்குள்ள வைத்திய நிபுணரிடமே கேளுங்கள். கணக்கப்பிள்ளையிடமோ சங்கத் தலைவரிடமோ அல்ல. தையல் போடுவது, பிரசவம் பார்ப்பது உங்கள் வேலையில் உண்டென்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். இன்று ஊசி குத்திவிட்டதென்றால் அந்த இடத்தைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள், பிதுக்க வேண்டாம். உடனே புறப்படுங்கள். மாலையில் பஸ் இல்லையென்று நாளைக்குத் தள்ளிப்போட வேண்டாம். தோட்ட லொறியைக் கேட்டு வாங்குங்கள். அதைக் கொடுக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை.

அடுத்த மாதம் பசறையில் அதே மாதர் சங்கத்துக்குப் போகின்றோம். இம்முறை சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலிருந்து ஒருவரையும் அழைத்திருக்கின்றோம். அந்த டிஸ்பென்சரி ஊழியரையும் கூட்டத்துக்கு வரச் சொல்லலாமா என்று யோசித்தோம். பிறகு, வேண்டாம், அவர் தம் வேலையைப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டோம்.